கால் கட்டிய நண்டு

தேடல் ஒரு வரியிலிருந்து தொடங்கியது. இலங்கையில் விலங்குகளுக்குக் கொடுமை செய்வதைத் தடுக்கும் கட்டளைச் சட்டம், 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கம். அதில் 'விலங்கு' என்ற சொல்லுக்கு ஒரு பொருள்கோடல் உண்டு. பொருள்கோடல் என்பது, ஒரு சட்டம் தான் பயன்படுத்தும் சொல்லுக்குத் தானே போட்டுக்கொள்ளும் வேலி. வேலிக்குள் நிற்பதைச் சட்டம் பார்க்கும், வெளியே நிற்பதைப் பாராது. அந்த வேலி இப்படி இருக்கிறது: வளர்ப்பு விலங்கு, பிடிக்கப்பட்ட விலங்கு, அவற்றோடு சிறைப்பட்ட நிலையில் உள்ள பறவை, மீன், ஊர்வன.

மீன் என்ற சொல்லில் என் கண் நின்றது. நான் அந்தப் பக்கத்தைப் படித்த இடம் தன்னாமுனை. மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே ஏறாவூர் நோக்கிப் போகும் பெருவீதியில், வாவியை ஒட்டிய கத்தோலிக்கக் கிராமம். ஊரின் பெயரிலேயே முனை இருக்கிறது. நிலம் நீருக்குள் நீளும் இடத்துக்கு எங்கள் பகுதி கொடுத்த பெயர் அது. மண்முனையும் அப்படி வந்ததுதான். வீச்சுவலையும் அத்தாங்கும் காயும் கரையில் இருந்துகொண்டு, 1907இல் கொழும்பில் இயற்றப்பட்ட ஒரு சட்டம் மீனையும் நினைத்திருக்கிறது என்று படிப்பது விசித்திரமான அனுபவம். மீனை அங்கே எழுதியது எந்தத் தேவை? அந்த வேலியைப் பிறகு நகர்த்தியவர்கள் யார்? இந்த இரண்டு கேள்விகளும் என்னைப் பல மாதங்கள் அலைக்கழித்தன.

முதலில் ஓர் எளிய விடையை நம்பினேன். குடியேற்றக் காலச் சட்டங்களில் பல, இந்தியாவில் முன்பே இருந்தவற்றைப் பார்த்து எழுதப்பட்டவை. இந்தியாவில் இதே நோக்கத்துக்கான சட்டம் 1890இல் வந்துவிட்டது, அந்த ஆண்டின் 11ஆம் சட்டம். எனவே இலங்கைச் சட்டம் அதன் பிரதியாகத்தான் இருக்கும் என்று குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். இரண்டையும் அருகருகே வைத்தபோது அந்தக் குறிப்பை அடிக்க வேண்டியதாயிற்று. 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் பொருள்கோடல், வளர்ப்பு விலங்கு அல்லது பிடிக்கப்பட்ட விலங்கு என்பதோடு முடிந்துவிடுகிறது. அதில் பறவை, மீன், ஊர்வன என்ற பெயர்கள் எழுதப்படவில்லை. 17 ஆண்டுகள் கழித்து இலங்கையில் அந்தத் தொடருக்கு ஒரு வால் முளைத்திருக்கிறது. ஆனால் அந்த வாலும் 'சிறைப்பட்ட நிலையில்' என்ற கயிற்றால் கட்டப்பட்டிருக்கிறது.

அடுத்த ஐயம் அந்தக் கயிற்றைப் பற்றியது. வலையில் விழுந்த மீன் சிறைப்பட்ட மீனா? சட்ட நூலை வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் வாதிடலாம். நான் 'ஆம்' என்ற பக்கம் சாய்ந்திருந்தேன். அப்படியானால் எங்கள் வாவி முழுவதும் அந்தச் சட்டத்துக்குள் வந்துவிடும். ஒரு காலையில் கரையில் இருந்த முதிய தோணிக்காரரிடம் இதைக் கேட்டேன். அவரை நான் பெரியப்பா என்றே அழைப்பேன்.

"வலையில பட்டது பட்டதுதான் மனே. அதைச் சிறை எண்டு சொல்லேலா. உயிரோட கட்டி வைச்சாத்தான் சிறை" என்றார். பிறகு பக்கத்தில் இருந்த கூடையை விரலால் காட்டினார். "இந்தா, இந்த நண்டு கிடக்கு பார். இதுதான் சிறை."

கூடைக்குள் களப்பு நண்டுகள். கவ்வும் கால்கள் உடலோடு சேர்த்துக் கயிற்றால் கட்டப்பட்டிருந்தன. உயிரோடு விற்றால்தான் விலை, கட்டாவிட்டால் ஒன்றையொன்று கிழித்துவிடும். சிறை என்ற சொல்லுக்கு நான் நூல்களில் தேடிய விளக்கத்தை அவர் ஒரு கூடையில் காட்டிவிட்டார். அதோடு என் தேடலுக்கு ஒரு சோதனைக் கல்லும் கிடைத்தது. நண்டு பறவை அன்று, மீன் அன்று, ஊர்வனவும் அன்று. உயிரோடு சிறையிருக்கும் இந்த நண்டு, பெயர் சொல்லி எழுதப்பட்ட அந்தப் பட்டியலில் இல்லை. 'பிடிக்கப்பட்ட விலங்கு' என்ற தொடரை மிக இழுத்துப் பொருள் கொண்டால்தான் அது உள்ளே வரக்கூடும். இனி ஒவ்வொரு சட்டத்தையும் ஒரே கேள்வியோடு அணுகுவது என்று முடிவு செய்தேன்: இந்த நண்டு உள்ளேயா, வெளியேயா?

பெயர்ச்சொல்லை விட்டுவிட்டு வினைச்சொற்களைப் படித்தேன். ஒரு சட்டம் எதை மனதில் வைத்து எழுதப்பட்டது என்பதை அதன் வினைச்சொற்கள் காட்டிக்கொடுக்கும். 1907ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாகச் சொல்பவற்றில் முன்னால் நிற்பவை அடித்தல், வதைத்தல், அளவுக்கு மேல் ஓட்டுதல் போன்றவை. மீனை யாரும் அளவுக்கு மேல் ஓட்ட முடியாது. இது வீதியின் மொழி, வண்டில் மாட்டையும் குதிரையையும் பார்த்து எழுதிய மொழி. மீன், பறவை, ஊர்வன என்பன அந்த மொழிக்குள் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்ட விருந்தாளிகள்.

எங்கள் பக்கத்தில் மாட்டை ஓட்டுவதற்கு வேறொரு மொழியும் இருந்தது. வேளாண்மை வெட்டி, சூடு வைத்து, களத்தில் மாடுகளை வளையமாக நடத்திச் சூடு மிதிக்கும் இரவுகளில் பொலிப்பாட்டுப் பாடுவார்கள். பொலி என்பது களத்தில் குவியும் நெல். பாட்டு மாட்டை நோக்கியும் பாடப்படும், நெல்லை நோக்கியும் பாடப்படும். நடக்கும் மாட்டை உழைப்பில் பங்காளியாகப் பேசும் மரபு அது. ஆனால் இதை வைத்து 'எங்களிடம் கொடுமையே இருக்கவில்லை' என்று எழுதிவிட முடியாது. பாட்டும் இருந்தது, துவரங் கம்பும் இருந்தது. வழக்காறு அன்பைக் கற்பிக்கும். அன்பு தவறிய இடத்தில் மாட்டுக்காக யார் பேசுவது என்ற கேள்விக்கு வழக்காறு விடை தருவதில்லை. சட்டம் தேவைப்பட்ட இடம் அதுதான்.

அந்த வினைச்சொற்களின் ஊற்றைத் தேடிப் போனால் இலண்டனுக்குப் போய்ச் சேர்கிறோம். அயர்லாந்தின் கோல்வே பகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்ற ரிச்சர்ட் மார்ட்டின் என்பவரின் முயற்சியால் 1822இல் ஒரு சட்டம் நிறைவேறியது. குதிரை, மாடு, ஆடு போன்றவற்றைக் கொடுமையாக அடிப்பதும் வதைப்பதும் அதன்படி குற்றம். 1824இல் இலண்டனில் ஒரு கோப்பிக் கடையில் கூடியவர்கள் விலங்குக் கொடுமைத் தடுப்புச் சங்கத்தைத் தொடங்கினார்கள், மார்ட்டினும் அவர்களில் ஒருவர். 1861இல் கல்கத்தாவில் அதே வகைச் சங்கம் எழுந்தது. சங்கங்கள் பரவிய வழியே சட்டங்களும் பரவின.

இந்த இடத்தில் ஒரு தேதி என்னைத் தடுத்து நிறுத்தியது. 1822 ஆறுமுக நாவலர் பிறந்த ஆண்டும்கூட. யாழ்ப்பாணத்தில் கோயில்களில் நடந்த உயிர்ப்பலியை வாழ்நாள் முழுவதும் கண்டித்தவர் அவர். இரண்டையும் ஒரே நூலில் கோக்கும் ஆசை எழுந்தது. ஆனால் ஒரே ஆண்டு என்பது தொடர்பு ஆகாது. நாவலரின் நிலைப்பாடு சைவ ஆகமங்களிலிருந்தும் கொல்லாமை நெறியிலிருந்தும் வந்தது. மார்ட்டினின் சட்டம் இலண்டன் வீதிகளின் வண்டிக் குதிரைகளிலிருந்து வந்தது. ஒன்று உண்ணாதே, பலியிடாதே என்கிறது. மற்றது அடிக்காதே என்கிறது, உண்பதைப் பற்றிப் பேசவில்லை. திருக்குறளில் புலால் மறுத்தலும் கொல்லாமையும் இரண்டு தனி அதிகாரங்களாக நிற்பதை நினைத்துக்கொண்டேன். அறத்தின் வழி வேறு, சட்டத்தின் வழி வேறு. இரண்டும் ஒருவரிடம் வந்து சேர்ந்த இடம் ஏதும் உண்டா?

உண்டு. அதைத் தேடி ஒரு நடனக் கலைஞரிடம் போக வேண்டியிருந்தது.

இந்தியாவின் 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம், அந்த ஆண்டின் 59ஆம் இலக்கம். அதன் 2ஆம் பிரிவில் 'விலங்கு' என்றால் மனிதர் அல்லாத எந்த உயிரினமும் என்று இருக்கிறது. வளர்ப்பு, பிடிப்பு, சிறை என்ற எந்தக் கயிறும் அதில் இல்லை. 1890க்கும் 1960க்கும் இடையிலான 70 ஆண்டுகளில் வேலி முழுவதுமே பிடுங்கப்பட்டிருக்கிறது. தன்னாமுனைக் கரையின் நண்டு, பாக்கு நீரிணையைக் கடந்து அக்கரையில் பிடிபட்டிருந்தால் சட்டத்தின் கண்ணுக்குள் இருந்திருக்கும். இந்த வரியைப் படித்தபோது ஏற்பட்ட மகிழ்ச்சியை நான் மறைக்கப்போவதில்லை. ஆவணங்களோடு வாழ்பவர்களுக்கு அத்தகைய நாள்கள் அரிதாகவே வாய்க்கும்.

அந்தச் சட்டத்தின் பின்னால் நிற்பவராகப் பொதுவாகச் சொல்லப்படும் பெயர் ருக்மிணி தேவி அருண்டேல். 1904 பெப்ரவரி 29இல் மதுரையில் பிறந்தவர். பிரம்மஞான சபையின் சூழலில் வளர்ந்தவர். அச்சபையின் தலைவர்களில் ஒருவரான ஜோர்ஜ் அருண்டேலை 1920இல் மணந்தவர். 1935இல் அடையாற்றில் பரதநாட்டிய மேடையேறி, 1936இல் கலாசேத்திராவைத் தொடங்கியவர். 1952இல் இந்திய மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார், அவ்வாறு நியமனம் பெற்ற முதற் பெண். கலைக்காகக் கிடைத்த இருக்கை அது.

நான் என் குறிப்பில் எழுதினேன்: '1960ஆம் ஆண்டுச் சட்டத்தை எழுதியவர் ருக்மிணி தேவி.' பிறகு காலவரிசையைச் சரிபார்க்க உட்கார்ந்தேன். அந்த வாக்கியமும் நிலைக்கவில்லை.

நடந்தது இது. 1953இல் அவர் விலங்குவதைத் தடுப்புக்காக ஒரு தனியுறுப்பினர் சட்டமூலத்தைக் கொண்டுவந்தார். சட்டமூலம் என்று நாங்கள் இலங்கையில் சொல்வதை இந்தியாவில் மசோதா என்பார்கள். அரசாங்கம் கொண்டுவருவதல்லாமல், ஓர் உறுப்பினர் தன் பொறுப்பில் முன்வைப்பது தனியுறுப்பினர் சட்டமூலம். அவ்வகை சட்டமாவது அபூர்வம். 1954 மார்ச்சில் அது அவையில் விவாதத்துக்கு வந்தது. பிரதமர் நேரு அவருடைய பேச்சின் உருக்கத்தை மதித்தார். ஆனால் சட்டமூலத்தை மீளப் பெறுமாறும், அரசே இதை ஆராய்ந்து ஒரு சட்டத்தைக் கொண்டுவரும் என்றும் சொன்னார். ருக்மிணி தேவி மீளப் பெற்றார். ஒரு குழு அமைக்கப்பட்டது. 1960 டிசம்பர் 26இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற சட்டம், அக்குழுவின் வழியாக அரசு கொண்டுவந்தது.

ஆக, அவருடைய சட்டமூலம் சட்டமாகவில்லை. பதிவேட்டின் மொழியில் அதன் முடிவு 'மீளப்பெறப்பட்டது' என்ற ஒரு சொல். அந்தச் சொல்லைப் பார்த்ததும் என் ஆர்வம் சோர்ந்தது. ஓர் ஆயுளின் அழைப்பு என்று நான் தேடிவந்தது, ஒரு நல்ல பேச்சும் ஒரு பின்வாங்கலும்தானா? சில நாள்கள் கோப்பை மூடிவைத்தேன்.

அதை மறுபடி திறக்கவைத்தது அழைப்பு என்ற சொல்தான். தன்னாமுனையில் வளர்ந்தவர்களுக்கு அது கோயிலில் கேட்ட சொல். ஒருவர் துறவறத்துக்கோ குருத்துவத்துக்கோ போவதை இறையழைத்தல் என்பார்கள். திருநிலைப்படுத்தும் நாளின் பூமாலையை வைத்து அதை யாரும் அளப்பதில்லை. அதற்குப் பின் வரும் 30, 40 ஆண்டுகளின் அன்றாடத்தை வைத்துத்தான் ஊர் அளக்கும். நான் ருக்மிணி தேவியை 1954 மார்ச் மாதத்தின் ஒரு நாளை வைத்து அளந்துகொண்டிருந்தேன். அளவுகோல் தவறு.

அதற்குப் பிந்திய ஆண்டுகளை வரிசையாக எழுதினேன். 1956இல் மாநிலங்களவைக்கு மறுநியமனம், 1962 வரை உறுப்பினர். அதாவது சட்டமூலத்தை மீளப் பெற்றபின் வீட்டுக்குப் போகவில்லை, அரசின் வாக்குறுதி சட்டமாகும் நாளில் அதே அவையில் அமர்ந்திருந்தார். அச்சட்டத்தின் 4ஆம் பிரிவு ஒரு நிரந்தர வாரியத்தை அமைக்கச் சொன்னது. 1962இல் விலங்கு நல வாரியம் உருவானபோது அதன் முதல் தலைவர் அவர். வாரியத்தின் தலைமையகம் டெல்லியில் அமையவில்லை, சென்னையில் அமைந்தது. பின்னாளில் அது திருவான்மியூரில் இயங்கியது, கலாசேத்திரா இருக்கும் அதே திருவான்மியூர். 1986 பெப்ரவரி 24இல் இறக்கும்வரை தலைமைப் பொறுப்பில் இருந்தார். 24 ஆண்டுகள். இடையில் 1977இல் பிரதமர் மொரார்ஜி தேசாய் குடியரசுத் தலைவர் பதவிக்கு அவரை அழைத்தார். அந்த அழைப்பை அவர் ஏற்கவில்லை. 'மீளப்பெறப்பட்டது' என்ற சொல்லுக்கு இப்போது வேறு நிறம். தன் பெயர் பொறித்த சட்டமூலத்தைக் கைவிட்டு, தன் பெயர் இல்லாத சட்டத்துக்கு ஆயுளைக் கொடுத்திருக்கிறார்.

ஏன் ஆயுள் தேவைப்பட்டது? சட்டம் வந்துவிட்டதே? இதற்கான சான்று சட்டத்தின் உள்ளேயே இருக்கிறது. 2ஆம் பிரிவின் அகலத்தில் மயங்கியிருந்த நான், மற்றப் பிரிவுகளை மெல்லவே படித்தேன். கொடுமை எவை என்று பட்டியலிடும் 11ஆம் பிரிவு, முதற் குற்றத்துக்கு விதிக்கும் உச்சத் தண்டம் 50 ரூபாய். 1907ஆம் ஆண்டு இலங்கைச் சட்டத்தில் தண்டத்தின் உச்சம் 100 ரூபாய், அல்லது 3 மாதச் சிறை, அல்லது இரண்டும். குறுகிய வேலி போட்ட சட்டம் 100 ரூபாய் கேட்டது. வேலியையே பிடுங்கிய சட்டம், அரை நூற்றாண்டு கழித்து, 50 ரூபாய் கேட்கிறது. விலக்குகளும் உண்டு. அறிவு வளர்ச்சிக்கான பரிசோதனைகள் சட்டவிரோதம் ஆகா என்கிறது 14ஆம் பிரிவு, அவற்றை மேற்பார்க்க ஒரு குழுவை அமைக்க இடம் தருகிறது 15ஆம் பிரிவு. ஒரு சமயத்தவர் தங்கள் சமயம் வேண்டும் முறையில் விலங்கைக் கொல்வது குற்றமாகாது என்கிறது 28ஆம் பிரிவு.

சொல் அகலமானது, பல் சிறியது. இதைக் கண்டதும் சட்டத்தைப் போலி என்று தள்ளிவிடத் தோன்றியது. பல நாள் யோசித்தபின் அந்த முடிவையும் திருத்திக்கொண்டேன். அகலமான சொல்லுக்கும் சிறிய தண்டத்துக்கும் இடையில் ஒரு வெளி இருக்கிறது. அந்த வெளியில் யாராவது தினமும் நிற்க வேண்டும். கடிதம் எழுத வேண்டும், பார்வையிட வேண்டும், விதிகளை வரைய வேண்டும், அமைச்சர்களின் கதவைத் தட்ட வேண்டும், மறுக்கப்பட்டால் மறுபடி தட்ட வேண்டும். ஒரு மனிதரின் வாழ்வையே கேட்டுக்கொள்ளும் அளவுக்கு அந்த வெளி பெரியது. விலங்குகளுக்காகப் பேசுவது ஒரு பணியாக இல்லாமல் அழைப்பாக மாறும் இடம் அதுவே என்பது இந்தத் தேடலில் நான் வந்தடைந்த முடிவு.

அந்த வெளியில் ருக்மிணி தேவி மட்டும் நிற்கவில்லை. இந்தியாவிலிருந்து ரீசஸ் குரங்குகள் ஆய்வுகூடங்களுக்காகப் பெருந்தொகையாக ஏற்றுமதியாகி வந்தன, போலியோ தடுப்பு மருந்தின் வரலாற்றோடு பிணைந்த வணிகம் அது. ஷெர்லி மக்கிரீல் என்ற பெண், 1973இல் தாய்லாந்தில் குரங்கினங்களின் பாதுகாப்புக்கான ஓர் அனைத்துலக அமைப்பைத் தொடங்கினார். அக்குரங்குகள் எங்கே, எதற்குப் பயன்படுகின்றன என்று ஆவணங்களைத் தோண்டி வெளியிட்டார். 1978இல் மொரார்ஜி தேசாயின் அரசு அந்த ஏற்றுமதியை நிறுத்தியது. அந்தத் தடையைப் பெற்றுத் தந்தது மேடைப் பேச்சு மட்டுமன்று. ஏற்றுமதிக் கணக்கையும் ஆய்வறிக்கையையும் ஒப்பிட்டுப் படித்த பொறுமையும்தான். ஆவண வேலை செய்கிறவன் என்ற முறையில் எனக்கு அது தெம்பு தரும் செய்தி.

வாரியத்தின் தடம் ருக்மிணி தேவியின் மறைவோடு முடியவில்லை. 2014 மே 7இல் இந்திய உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடைசெய்த தீர்ப்பின் தலைப்பில் முதற் பெயர் இந்திய விலங்கு நல வாரியம். தீர்ப்பு தாங்கி நின்ற தூண்களில் 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆம், 11ஆம் பிரிவுகள் இருக்கின்றன. பிறகு நடந்தது தமிழர் எல்லாருக்கும் தெரியும். 2017 சனவரியில் மெரினாவில் இளைஞர் கூடினர், தமிழ்நாடு அரசு சட்டத்திருத்தம் கொண்டுவந்தது, 2023 மே 18இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தத் திருத்தத்தை ஏற்றது. காளையை வளர்ப்போரின் அன்பும், காளைக்காக வழக்காடியோரின் அன்பும் ஒரே நீதிமன்றத்தில் எதிரெதிரே நின்ற வழக்கு அது. பொலிப்பாட்டையும் துவரங் கம்பையும் ஒரே களத்தில் கண்ட ஊரிலிருந்து வருகிறவன் நான். இரு பக்கங்களில் ஒன்றைப் பொய் என்று என்னால் எழுத முடியாது. ஆனால் ஒன்றைச் சான்றோடு சொல்ல முடியும். காளைக்கு நோகுமா என்ற கேள்வியை இந்தியாவின் உச்ச நீதிமன்றம் இரண்டு முறை உட்கார்ந்து கேட்க வேண்டிவந்தது. 1954இல் மீளப்பெறப்பட்ட ஒரு சட்டமூலம் இல்லாமல் அது நடந்திருக்காது.

இனி நம் கரைக்குத் திரும்பலாம். இலங்கையில் சட்ட ஆணைக்குழு 2006இல் புதிய விலங்கு நலச் சட்டமூலம் ஒன்றை வரைந்தபோது, 1907ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வயது 99. புதிய வரைவிலும் மனிதர் அல்லாத உயிர் என்ற அகலமான பொருள்கோடலே இடம்பெற்றது. 2010இல் அத்துரலியே ரத்தன தேரர் அதைப் பாராளுமன்றத்தில் தனியுறுப்பினர் சட்டமூலமாக முன்வைத்தார். 2016 சனவரியில் அமைச்சரவை அத்தகைய சட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. 1953இல் டெல்லியில் தொடங்கிய அதே பாதை: தனியுறுப்பினர் முன்வைக்கிறார், அரசு பின்னர் கையிலெடுக்கிறது. வடக்கில் வேறொரு தடம். சைவ மகாசபை தொடுத்த வழக்கில், கோயிலில் நடந்த உயிர்ப்பலிக்கு எதிராக யாழ்ப்பாண மேல் நீதிமன்றத்தில் நீதிபதி மா. இளஞ்செழியன் 2017இல் தடை விதித்தார். நாவலரின் வழியும் மார்ட்டினின் வழியும் ஒரு நீதிமன்றத்தில் சந்தித்த நாள் என்று அதைச் சொல்லலாம். அறம் கேட்டதைச் சட்டத்தின் வாயால் கேட்டிருக்கிறார்கள்.

நண்டை நான் மறக்கவில்லை. அதன் பெயர் ஒரு நாட்டின் சட்டத்தில் பொருள்பட எழுதப்படும் நாளைத் தேடிக்கொண்டே இருந்தேன். பிரித்தானியாவில், இலண்டன் பொருளியல் கல்லூரியைச் சேர்ந்த ஜொனதன் பேர்ச் தலைமையிலான குழு, முந்நூறுக்கும் மேற்பட்ட அறிவியல் ஆய்வுகளைப் பரிசீலித்தது. நண்டு, இறால், கணவாய் வகைகளுக்கு வலியுணர்வு உண்டு என்பதற்குப் போதிய சான்று இருக்கிறது என்று 2021 நவம்பரில் அறிக்கை தந்தது. 2022 ஏப்ரலில் நிறைவேறிய விலங்கு உணர்வுச் சட்டத்துக்குள் அவை சேர்க்கப்பட்டன. அந்தச் சட்டம் நண்டைப் பிடிப்பதையோ சமைப்பதையோ தடைசெய்யவில்லை. அரசு கொள்கை வகுக்கும்போது இவ்வுயிர்களின் உணர்வையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்ற கடமையைத்தான் வைக்கிறது. ஆனால் ஆண்டைப் பாருங்கள். மாட்டுக்கும் குதிரைக்கும் மார்ட்டின் சட்டம் வந்தது 1822இல். அதே பாராளுமன்றத்தில் நண்டின் முறை வந்தது 2022இல். இடையில் சரியாக 200 ஆண்டுகள்.

எங்கள் வாவியில் உயிர்களின் குரலைக் கேட்கும் ஆசை பழையது. இலங்கையின் குடியேற்றச் செயலராக இருந்த எமர்சன் டெனன்ட் 1848இல் மட்டக்களப்புக்கு வந்து, நிலவெழுந்த இரவில் தோணியில் போய், நீருக்கடியிலிருந்து எழும் இசையைக் கேட்டு எழுதிவைத்தார். அதை ஊர் மக்கள் ஊரியின் ஒலி என்றார்கள் என்பதும் அவர் தரும் குறிப்பு. ஊரி என்பது நீர்நத்தை. பிறகுதான் அது பாடும் மீன் ஆயிற்று. காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் அந்த ஒலியை நீரர மகளிரின் இசையாகப் பாடினார். யேசு சபைத் துறவி அருட்தந்தை லாங் அதை ஒலிப்பதிவு செய்தார். மீன்பாடும் தேன்நாடு என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். மீனுக்குக் குரல் உண்டு என்று நம்புவதில் இந்த ஊர் உலகத்துக்கு முந்தியது. அக்குரல் பாட்டாக இருந்தால் கேட்டோம். வேறு எதுவாகவும் இருக்கலாம் என்று சட்டத்தில் எழுத நமக்குத்தான் நேரம் எடுத்தது.

என் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் ஆண்டுகளை ஒரு நிரையாக எழுதிக்கொண்டு, போன வாரம் மறுபடி கரைக்குப் போனேன். 1822 மாடு. 1890 வளர்ப்பு விலங்கு. 1907 சிறைப்பட்ட மீன். 1960 மனிதர் அல்லாத எந்த உயிரும். 2022 நண்டு. பெரியப்பா நண்டுக் கூடைக்கு ஈரச் சாக்குப் போட்டு மூடிக்கொண்டிருந்தார்.

"ஏன் மூடுறீங்க பெரியப்பா?"

"வெயில் படக்கூடாது மனே. அதுக்கும் எரியும்."

முந்நூறு ஆய்வுகள் சொன்னதை அவர் ஒரு வாக்கியத்தில் சொன்னார். ருக்மிணி தேவியைப் பற்றி அவருக்குச் சொன்னேன். மதுரையில் பிறந்த ஓர் அம்மா, நடனம் ஆடியவர், பெரிய பதவி வேண்டாமென்று வாயில்லா உயிர்களுக்காக வாழ்ந்தவர் என்று. கவனமாகக் கேட்டார்.

"அவ நண்டுக்கும் பேசினவவோ?"

மாட்டுக்குப் பேசினார், ஆய்வுகூடத்து விலங்குகளுக்குப் பேசினார் என்றேன். ஆனால் அவர் பேசியதால் வந்த சட்டத்தின் சொல்லுக்குள் நண்டும் இருக்கிறது என்றேன். அவர் தலையசைத்தார். பிறகு குனிந்து, இரு கைகளாலும் வாவித் தண்ணீரை அள்ளி, சாக்கின் மேல் மெல்ல ஊற்றினார்.